கற்கண்டு வைத்தியம்

ஊசிமலைத் தேயிலைத் தோட்டத்து மருந்தையா சோமசுந்தரத்துக்கு அடுத்தவர் வாய்க்குள் எட்டிப் பார்ப்பதில் அலாதிப் பிரியம். வயிற்றுவலி என்று வந்தவனையும் முதலில் "ஆ காட்டு" என்பார். காய்ச்சல் மருந்துக்கு வந்தவன் கடைவாய்ப் பல் ஒன்றைப் பறிகொடுத்துவிட்டு, எதற்கு வந்தோம் என்பதே மறந்து லயத்து வீட்டுக்குத் திரும்பிய கதையெல்லாம் உண்டு. 'பல்லையா' என்று ஒரு பெயர் தோட்டத்தில் உலவியது. காதில் விழாதது போல் இருப்பார். விழுந்ததில் உள்ளூரச் சந்தோஷம்தான். ஹட்டன் கடைவீதியில் அரிசிக் கடை வைத்திருந்த அவருடைய தகப்பனார், "டாக்டருக்குப் படின்னு அனுப்பினா, பாதி வழியில டிஸ்பென்சரா எறங்கிட்டான்" என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். மிச்சப் பாதி வழியை இந்தப் பல் விவகாரத்தில் நடந்து தீர்த்துவிடலாம் என்று சோமசுந்தரத்துக்கு ஒரு நினைப்பு.

அறுபத்திரண்டாம் ஆண்டில் அந்த நினைப்பில் மண் விழுந்தது. அள்ளிப் போட்டவரும் அவரேதான்.

அம்மாக்கண்ணு பிள்ளைக் காம்பராவின் ஆயா. தாய்மார் கொழுந்தெடுக்க மலையேறும்போது கைப்பிள்ளைகளை அந்த நீளக் கூடத்தில் அவளிடம் விட்டுப் போவார்கள். ஐம்பது வயது, புருஷன் இல்லை. முழங்கால் பிசகி மலையேற முடியாமல் போனபிறகு கிடைத்த வேலை அது. பதினெட்டுத் தொட்டில்களையும் ஒரு கயிற்றின் நுனியை ஆட்டுகிறவள் போல ஆட்டிக்கொண்டிருப்பாள்.

முந்தின வருஷம் அவளுக்கு இடது கன்னத்தின் உட்புறம் ஒரு புண் வந்து ஆறாமல் நின்றது. இது வெற்றிலைப் புண் இல்லை, வேறு சமாசாரம் என்று கண்டுபிடித்து மகரகமப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியவர் சோமசுந்தரம்தான். அந்தப் புண்ணியத்தை அவர் கணக்கிலிருந்து யாரும் கழிக்க முடியாது. அங்கே ஆறு வாரம் 'கரண்டு' வைத்தார்கள். கதிர்வீச்சு சிகிச்சைக்குத் தோட்டத்து ஜனங்கள் வைத்த பெயர் அது. புண் ஆறியது. ஆள் பிழைத்து வந்தாள். வாய் மட்டும் காய்ந்து போயிற்று.

"ஐயா, வாயி கருகுன சட்டி மாதிரி கெடக்குதுங்க. ரொட்டிய மென்னா தொண்டையில எறங்க மாட்டேங்குது. துப்புறதுக்குக்கூட எச்சி இல்ல."

"யார் மேல துப்பப் போற?" என்று கேட்டுவிட்டுத் தாமே சிரித்தார் சோமசுந்தரம். "எச்சில் ஊறணும்னா இனிப்பு வேணும். கற்கண்டு ஒண்ணை எப்பவும் வாயில ஒதுக்கிக்க. கரைஞ்சா இன்னொண்ணு. வெத்திலை மட்டும் கிட்ட வரப்படாது."

சொன்னதோடு நிற்கவில்லை. ஹட்டனுக்குப் போகும்போதெல்லாம் கற்கண்டுப் பொட்டலம் வாங்கி வந்து கொடுத்தார். அம்மாக்கண்ணு அதைச் சாமி உத்தரவாக எடுத்துக்கொண்டாள். பகலெல்லாம் ஒன்று கரைந்துகொண்டே இருக்கும். தூங்கும்போதும் கன்னக் கொடுப்பில் ஒன்று கிடக்கும். போதாததற்கு, உள்ளங்கைச் சீனியை நக்கிக்கொண்டு பாலில்லாத சாயத்தண்ணி குடிக்கும் தோட்டத்து வழக்கம் வேறு.

எட்டே மாதத்தில் அவள் பற்கள் ஈற்றோரமாகக் கறுத்தன. ஈறும் பல்லும் சேரும் இடத்தில், மரத்தைச் சுற்றிப் பட்டை உரித்தது போல ஒரு வளையம். மேலே, கீழே, முன்னால், பின்னால் என்று ஒன்று பாக்கியில்லை. கீழ் முன்பற்கள் இவ்வளவு லேசில் சொத்தையாவதில்லை என்பது சோமசுந்தரத்துக்குத் தெரியும். தெரிந்ததைக் கொண்டு யோசித்திருக்கலாம். அவரோ யோசிக்கிற நேரத்தில் பேசிப் பழகியவர்.

சுகாதார வாரம் வந்தது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பல் சுத்தத்தைப் பற்றிச் சொற்பொழிவு. படம் வரைந்த அட்டை ஒன்று கிடைத்தால் போதும் என்று மாஸ்டர் பொன்னையா சொன்னார். 'அட்டை எதற்கு, ஆளே இருக்கிறது' என்று சோமசுந்தரம் அம்மாக்கண்ணுவை வரச் சொல்லி, வாங்குப் பலகையின் மேல் நிறுத்தினார்.

"ஆ காட்டு. பெரிசா. பாத்தீங்களா பிள்ளைகளா? காலையில பல்லு வெளக்காதவங்க வாய் இப்படித்தான் ஆகும்."

"நான் வெளக்குறேனுங்க ஐயா. மூணு வேளையும் வெளக்குறேன்" என்றாள் அம்மாக்கண்ணு, திறந்த வாயை மூடாமலே.

"நீ பொய் சொல்லலாம். பல்லு சொல்லாது" என்றார். பிள்ளைகள் கொல்லென்று சிரித்தன. நல்ல இடத்தில் விழுந்த வசனம் என்று அவருக்கே ஒரு திருப்தி. அன்று மாலை மனைவி யோகேஸ்வரியிடமும் அதைச் சொல்லிக் காட்டினார்.

பிள்ளைகள் லயத்துக்குப் போய் அம்மாமாரிடம் சொல்லின. அம்மாமார் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் பேசினார்கள். "அந்த வாயாலதான் நம்ம புள்ளைக்குப் பால் சூடு பாக்குறா" என்றாள் நாகலெட்சுமி. அவளுக்கு ஏழு மாதத்தில் ஒரு பையன். கங்காணியையே எதிர்த்துப் பேசும் நாக்கு. ஒரு வாரத்தில் பதினொரு தாய்மார் தோட்டத்து நிர்வாகியான பெரிய தொரையிடம் போய் நின்றார்கள். தொரை மருந்தையாவிடம் அறிக்கை கேட்டார். 'ஆயாவின் வாய்ச் சுத்தம் திருப்தியாக இல்லை' என்று சோமசுந்தரம் அழகான ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதிக் கொடுத்தார். அம்மாக்கண்ணு மறுபடி கூடையைத் தூக்கிக்கொண்டு, பிசகிய முழங்காலோடு மலையேறினாள்.

அடுத்த மாதம் கீழ்ப்பல் ஒன்று தாங்கமுடியாமல் வலித்து அவரிடமே வந்தாள். சோமசுந்தரம் குறடு வைத்தார். வைத்ததுதான் தாமதம், பல் சாக்கட்டி போல நொறுங்கிக் கையோடு வந்தது. வேர் உள்ளேயே நின்றது. இருபது வருஷத்தில் அவருக்கு அப்படி நடந்ததில்லை. மானம் போகிற வேகத்தில் ஒரு கடிதம் எழுதி, டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு வரும் பல் டாக்டரிடம் அனுப்பிவைத்தார்.

இரண்டு நாள் கழித்து அம்மாக்கண்ணு பதில் கடிதத்தோடு வந்தாள். ஆங்கிலத்தில், நெருக்கி எழுதிய ஒன்றரைப் பக்கம். சோமசுந்தரம் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார்.

நோயாளியின் வாய் வழக்கத்துக்கு மாறாகச் சுத்தமாக இருக்கிறது என்று டாக்டர் ஆரம்பித்திருந்தார். கதிர்வீச்சு பட்டதில் காதடியிலும் தாடைக்கடியிலும் உள்ள உமிழ்நீர்ச் சுரப்பிகள் வதங்கிப்போய்விட்டன. பல்லில் படிவதைக் கழுவுவதும், புளிப்பை முறிப்பதும், பல் இழக்கிற சுண்ணாம்பைத் திருப்பிக் கொடுப்பதும் எச்சில்தான். அது வற்றிய வாயில் சொத்தை காட்டுத்தீயாகப் பரவும். எவ்வளவு துலக்கினாலும் தனியாக அதை நிறுத்த முடியாது. இதற்கு மேல், யாரோ ஒரு மகானுபாவர் நாள் முழுதும் கற்கண்டு ஒதுக்கச் சொல்லியிருக்கிறார். எரிகிற வீட்டுக்கு எண்ணெய் ஊற்றிய அந்த ஆளைத் தயவுசெய்து கண்டுபிடித்து நிறுத்தவும். கதிர் பட்ட தாடையெலும்பு லேசில் ஆறாது. பல்லைப் பிடுங்கினால் எலும்பே அழுகக்கூடும். ஆகவே தோட்டத்தில் எவரும் குறடு வைக்கவேண்டாம்.

அந்த மகானுபாவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டினார். எழுத்து மாறவில்லை.

"என்ன போட்டிருக்குங்க ஐயா?"

"இனிப்பு இனிமே கூடவே கூடாதாம். அடிக்கடி ஒரு மொடக்குத் தண்ணி குடிக்கணும். அப்பச் சோடாவும் உப்பும் கரைச்சு வாய் கொப்புளிக்கணும். பல்லைப் புடுங்கப்படாது."

"அம்புட்டுத்தானா? பக்கம் பக்கமா எழுதியிருக்காரே."

"இங்கிலீசுல எதைச் சொன்னாலும் நீளமாத்தான் வரும்."

"எதனால இப்படி ஆச்சுன்னு போடலீங்களா? டாக்டரு சிங்களத்துல என்னமோ சொன்னாரு. எனக்குப் பாதிதான் வெளங்குச்சு. என் வாயப் பாத்து நல்லாயிருக்குன்னு சொன்ன மாதிரி இருந்துச்சு. அப்படிச் சொல்லியிருக்க மாட்டாரு, இல்லீங்களா?"

சோமசுந்தரத்துக்கு அப்போது ஒரு சொல் போதுமாயிருந்தது. சொன்னார்.

"வயசு."

அம்மாக்கண்ணு தலையாட்டிக்கொண்டாள். "வயசுதான்" என்றாள். போகிறபோது மடியிலிருந்து ஒரு பிடி போஞ்சிக்காயை எடுத்து மேசையில் வைத்தாள். லயத்துக்குப் பின்னால் அவள் போட்ட தோட்டத்தில் காய்த்தது. "ஐயா இல்லாட்டி எனக்கு ஆரு கடுதாசி எழுதிக் குடுத்து அனுப்பியிருப்பா?"

அந்தப் போஞ்சியை யோகேஸ்வரி தேங்காய்ப்பூப் போட்டு வறுத்து வைத்தாள். சோமசுந்தரம் நாலு காயை எண்ணி மென்றார். எண்ணத்தான் முடிந்தது; விழுங்க முடியவில்லை.

மறுநாள் அலுமாரியைக் குடைந்து அம்மாக்கண்ணுவின் பழைய காகிதக் கட்டை எடுத்தார். மகரகமவிலிருந்து வந்த துண்டுச் சீட்டு அதில் இருந்தது. முதல் பத்தியில் புண் ஆறியது என்று இருந்தது. அதை வாசித்துவிட்டு, 'நம் கணிப்பு சரி' என்ற பூரிப்பில் அன்று துண்டை மடித்து வைத்தது அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மூன்றாம் பத்தியில், வாய் உலரும், பற்களைக் கவனிக்கவும், இனிப்பைத் தவிர்க்கவும், பல் பிடுங்குமுன் எங்களைக் கேட்கவும் என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியிருந்தது. அடியில் ஒரு கோடும் போட்டிருந்தார்கள். தம்மைப் போன்றவர்களுக்காகத்தான் கோடு போடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

யாருக்கும் தெரியாமல் சரிசெய்துவிட முடியுமா என்றுதான் முதலில் பார்த்தார். மனுஷன்தானே. பெரிய தொரையிடம் போய், ஆயாவின் வாய் இப்போது முன்னேற்றம் அடைந்திருக்கிறது, பழைய வேலையைக் கொடுக்கலாம் என்று பணிவாகச் சொன்னார். தொரை புகைக்குழாயைப் பற்றவைத்தபடி கேட்டுக்கொண்டார். "எனக்கு ஆட்சேபமில்லை, டிஸ்பென்சர். பிள்ளைகளைக் கொடுக்கமாட்டோம் என்றவர்கள் தாய்மார்கள். அவர்கள் சம்மதித்தால் நாளைக்கே அவள் ஆயா. நீங்கள் சொல்லித்தானே பயந்தார்கள்? நீங்களே சொல்லுங்கள்."

தாய்மாரிடம் சொல்லுமுன் அவளிடம் சொல்லவேண்டும். அந்த அளவுக்காவது அவருக்குப் புரிந்தது.

ஏழாம் நம்பர் மலை செங்குத்து. தோல் சப்பாத்தோடு அதில் ஏறிய முதல் மருந்தையா அவராகத்தான் இருக்கும். மூன்று இடத்தில் வழுக்கி, இரண்டு அட்டைகளுக்கு இரத்ததானம் செய்து, மூச்சு வாங்க அவள் கொழுந்தெடுக்கும் நிரைக்குப் போய்ச் சேர்ந்தார். அம்மாக்கண்ணு ஒரு காலை மடக்காமல் இழுத்து இழுத்துக் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தாள். இடுப்பில் ஒரு தண்ணீர்ப் போத்தல். அவர் சொன்னபடியே ஒரு மிடறு குடித்துவிட்டு மூடினாள்.

"என்னங்க ஐயா, இம்புட்டுத் தூரம்? ஆளு விட்டிருந்தா வந்திருப்பேனே."

"அம்மாக்கண்ணு... நீங்க ஒரு நிமிஷம்..."

"என்ன புதுசா நீங்க நாங்கன்னு? எனக்கு என்னமோ பெரிய வியாதின்னு கடுதாசியில இருந்துச்சா?"

"வியாதி எனக்குத்தான்" என்று ஆரம்பித்தார். அவள் சிரிக்கவில்லை. பிறகு சொன்னார். கடிதத்தை எடுத்து, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை, மகானுபாவரையும் விடாமல் சொன்னார். மகரகமத் துண்டையும் சொன்னார். வயசு என்று தாம் சொன்னது கடிதத்தில் எங்குமே இல்லை என்றும் சொன்னார்.

அவள் கை கிள்ளிக்கொண்டே இருந்தது. கை நிறைந்ததும் தலைக்குப் பின்னால் கூடையில் போட்டாள்.

"கல்கண்டு குடுத்ததுக்கு நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்" என்றாள் கடைசியில். "ஒங்களுக்குத் தெரியாது. குடுக்கணும்னு நெனச்சுக் குடுத்தீங்க. அந்தத் துண்டப் படிக்காததுகூடப் போவட்டும். ஆனா, வாங்குல ஏத்தி நிப்பாட்டி வச்சு, வெளக்குறேன் வெளக்குறேன்னு நான் சொல்லச் சொல்ல, பொய்யின்னீங்களே. ராத்திரி குளுருல எந்திரிச்சு வெளக்கியிருக்கேன் ஐயா. ஈறு ரத்தம் வர்ற வரைக்கும். நெசமாவே எனக்குத்தான் வெளக்கத் தெரியலியோன்னு நெனச்சு."

சோமசுந்தரம் கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"இத எங்கிட்டச் சொன்னாப் பத்தாது" என்றாள். "பெரட்டுல சொல்லுங்க."

பெரட்டுக் களம் என்பது காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் இடம். மறுநாள் காலை பனி கலையாமல் கம்பளிகளாகவும் கூடைகளாகவும் நூற்றுச்சொச்சம் பேர் நின்றார்கள். பெரிய கங்காணி செல்லசாமி பெயர் கூப்பிட்டு முடித்துவிட்டு, "மருந்தையா என்னமோ பேசணுமாம்" என்று ஒதுங்கிக்கொண்டார். சோமசுந்தரம் வடிகால் கானோரக் கல்லில் ஏறினார். முன் இரவு முழுக்க மனத்துக்குள் பேசிப் பார்த்திருந்தார். பேச்சு நன்றாகவே வந்திருந்தது, அதுதான் வினை.

"தாய்மாரே! யாரும் வாயைப் பொத்தவேணாம், நான் குறட்டை வீட்டுல வச்சிட்டுத்தான் வந்திருக்கேன்."

சிரிப்பு எழுந்தது. சோமசுந்தரத்துக்குத் தைரியம் வந்தது. "உங்க பல்லையாவுக்கே இப்ப ஒரு சொத்தை விழுந்திருச்சு. பல்லுல இல்ல, புத்தியில." இன்னும் பெரிய சிரிப்பு. கங்காணிகூடப் பல்லைக் காட்டினார். இந்தச் சிரிப்பிலேயே மிதந்து அக்கரை போய்விடலாம் போலிருந்தது.

"ஐயா." அம்மாக்கண்ணு முன்வரிசையில் கூடையோடு நின்றாள். குரலை உயர்த்தவில்லை. "சிரிப்புக் காட்டாம சொல்லுங்க. எனக்கு மலையேறணும்."

களம் அடங்கியது. சோமசுந்தரம் கல்லிலிருந்து இறங்கினார். ஏன் இறங்கினார் என்று அவருக்கே தெரியாது. மேலே நின்று சொல்ல வரவில்லை.

"இவங்க பல்லு கெட்டது அசுத்தத்துனால இல்ல" என்றார். "கரண்டு வச்சதுல எச்சில் வத்திப் போச்சு. எச்சில் இல்லாத வாயில கற்கண்டைப் போடச் சொன்னது நான். அதனால கெட்டுச்சு. மூணு வேளை வெளக்குறேன்னாங்க. அது நெசம். பொய்யின்னு நான் சொன்னேன். தொரைக்கும் எழுதிக் குடுத்தேன். டிக்கோயா டாக்டர் காரணத்தை எழுதி அனுப்பினார். அதையும் இவங்ககிட்ட மறைச்சேன். இவங்க வாய்ல ஒரு குத்தமும் இல்ல. என் வாய்லதான்."

யாரும் சிரிக்கவில்லை. சோமசுந்தரம் தம் சப்பாத்தைப் பார்த்தார். சேறு அப்பிய அந்தச் சப்பாத்து அவ்வளவு சுவாரஸ்யமான பொருளாக அதற்கு முன் தெரிந்ததில்லை.

நாகலெட்சுமிதான் வாயைத் திறந்தாள். "அப்ப நாங்க இவங்களத் தூத்துனது ஒங்க பேச்சக் கேட்டுத்தானுங்களே?"

"ஆமா."

"இப்பவும் ஒங்க பேச்சத்தான் கேக்கச் சொல்றீங்க."

களம் சிரித்தது. இந்தச் சிரிப்பு அவர் உண்டாக்கியதில்லை. அவர் மேல் விழுந்தது. காது மடல் சுட, நின்று வாங்கிக்கொண்டார். நாகலெட்சுமி இடுப்பிலிருந்த பையனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அம்மாக்கண்ணுவிடம் போனாள். அவளுக்கும் முகத்தை நேரே பார்க்க முடியவில்லை.

"அக்கா, இவன் அந்தப் புது ஆயாகிட்ட நிக்கவே மாட்டேங்குறான். நாள் பூரா அழுவுறான்." கொஞ்சம் நிறுத்தினாள். "நான் பேசுனத மனசுல வச்சுக்காத."

"வச்சுக்குவேன்" என்றாள் அம்மாக்கண்ணு. "புள்ளயக் குடு."

கூடையை இறக்கிவிட்டுக் குழந்தையை வாங்கிக்கொண்டாள். அன்று மூன்று பேர் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு இரண்டு வாரம் பிடித்தது. ஒருத்தி கடைசிவரை கொடுக்கவில்லை. தன் மாமியாரிடமே விட்டாள்.

அம்மாக்கண்ணு மாதாமாதம் டிக்கோயாவுக்குப் போய் வந்தாள். பிள்ளைக் காம்பரா வாசலில் தண்ணீர்ப் போத்தலோடு உட்கார்ந்திருப்பாள். சோமசுந்தரம் அந்த வழியே போனால் எழுந்து நிற்பாள், பேசமாட்டாள். போஞ்சியும் வரவில்லை.

பிறகு ஒரு நாள் மருந்துக் காம்பராவுக்கு வந்து, பிரித்திருந்த கடிதம் ஒன்றை மேசையில் வைத்தாள்.

"டிக்கோயா டாக்டரு குடுத்தது. பொன்னையா மாஸ்டரு வாசிச்சுச் சொல்லிட்டாரு. நீங்களும் வாசிங்க. ரெண்டும் ஒண்ணா இருக்கான்னு பாக்கணும்."

சோமசுந்தரம் கண்ணாடியை மாட்டினார். ஒவ்வொரு வரியாக, விரலை வைத்து வாசித்தார். சொத்தை பரவும் வேகம் குறைந்திருக்கிறது. ஆனால் கீழ்வரிசையில் இரண்டு பல் தேறாது. கண்டிக்கு அனுப்பி, மகரகமவுக்கும் எழுதிக் கேட்ட பிறகுதான் எடுக்கவேண்டும். போன எச்சில் திரும்பி வரும் என்று நம்பிக்கை கொடுப்பதற்கில்லை.

அங்கே ஒரு வரி பாக்கியிருந்தது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"'தோட்டத்து டிஸ்பென்சர் எந்தக் காரணம் கொண்டும் இந்த நோயாளியின் வாயைத் தொடவேண்டாம் என்று மீண்டும் கேட்டுக்கொள்கிறேன்.' மீண்டும்கிறதுக்குக் கீழ கோடு போட்டிருக்கு."

அம்மாக்கண்ணு கடிதத்தை வாங்கி மடித்து மடியில் செருகினாள்.

"கோடு போட்டிருக்குன்னு மாஸ்டரு சொல்லல" என்றாள். வாசல்வரை போய், திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "அடுத்த மாசமும் கொண்டாரேன்."